சின்ன ராணியின் பொட்டு

அக்கா செத்த வருஷம் நாங்கள் மலை ஏறவில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு மலைக் கோயிலுக்குப் போகக்கூடாது. திருத்தணியில் மலையடியிலேயே குடியிருந்துகொண்டு அப்படி இருப்பது கஷ்டம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் எல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான் போயின. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு, எங்கள் வாயில் நைனாவுக்கு, மாட்டுவண்டிப் பிழைப்பு. ஸ்டேஷனில் இறங்குகிற யாத்திரைக்காரர்களை அடிவாரத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மேலே நிமிர்ந்து பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

அக்காவை அரக்கோணத்தில் கொடுத்திருந்தது. அக்கா புருஷனை நான் பாவா என்பேன்; அவருக்கு அங்கே ரயில் ஷெட்டில் எஞ்சின் துடைக்கிற வேலை. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா திரும்பிப் போகவில்லை. பிள்ளை பிறந்த பிறகு ஜுரம் வந்தது, இறங்கவே இல்லை. பிள்ளை எங்களிடம் தங்கிவிட்டது. பெண் பிள்ளை. பசும்பாலைக் காய்ச்சிச் சங்கில் புகட்டியது நான். என் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டால்தான் அது தூங்கும். எனக்கு அப்போது பதினாறோ பதினேழோ. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

கருமாதி அன்றைக்கே அத்தை, அதாவது பாவாவின் அம்மா, எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். வருஷம் திரும்பியதும் என்னைப் பாவாவுக்குக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் நகரிப் பக்கம் ஒரு பெண் இருக்கிறது, அவளைக் கட்டுவார்கள், பிள்ளையும் அவளிடம் போய்விடும். நான் அடுப்பங்கரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்குப் பிள்ளை வேண்டும். அக்கா படுத்த பாயில் நான் படுக்க மாட்டேன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அந்த வருஷம் முழுக்க நான் சோறு தின்றேன்.

தசரா வந்தது. அத்தை ஒரு நாள் முன்னாலேயே அரக்கோணத்திலிருந்து வந்து பேசிவிட்டுப் போனாள்.

"கோயிலுக்குத்தான போவக்கூடாது? புத்தூர்ப் பக்கம் ஜமீன் கோட்டைக்குப் போனா இன்னா தீட்டு? ராஜா வூட்டு நகை நட்டெல்லாம் வெளிய எடுத்து வெச்சிருக்காங்களாம். ஊரே போய்க்கினு கீது. சின்னதும் வரட்டும், புள்ளையும் வரட்டும். வூட்லயே கெடந்து அது மூஞ்சி சுருங்கிப் போச்சி பாரு."

சின்னது என்றால் நான்.

"போய்ட்டு வாம்மா, மனசு கொஞ்சம் மாறும்" என்றாள் அம்மா. எந்தப் பக்கம் மாற வேண்டும் என்று அவள் நினைத்தாளோ அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் போனேன். வீட்டில் இருந்து இருந்து எனக்கும் மூச்சு முட்டியது. ராணி நகை பார்க்க ஆசையாகவும் இருந்தது. அக்கா செத்துக் கிடந்த வீட்டில் எனக்கு இப்படி ஒரு ஆசை வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

காலை வண்டியில் அத்தையும் பாவாவும் அரக்கோணத்திலிருந்து வந்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருத்தணியில் ஏறினேன். அத்தை தன் பக்கத்தில் இருந்த மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீ இங்க குந்து. டேய், நீ அவ பக்கத்துல குந்துடா. புள்ளைக்கு வேடிக்கை காட்டு" என்றாள். பாவா எழுந்து போய்க் கதவுப் பக்கம் நின்றுகொண்டார். கல்யாணமான புதிதில் அவர் வந்தால் "இன்னா மச்சினி" என்று கூப்பிட்டு, கையில் ஒட்டியிருக்கிற எஞ்சின் கரியை என் கன்னத்தில் தடவிவிட்டு ஓடுவார். அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு துரத்துவாள். அக்கா போன பிறகு அவர் என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை.

புத்தூரில் இறங்கி பஸ் ஏறினோம். உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய கரி அடுப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கண்டக்டர் இறங்கி இறங்கி அதைக் கிளறிக் கரி போட்டார். மேடு வந்தால் ஆம்பளைகள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். பாவா தள்ளிவிட்டு முகமெல்லாம் கரியோடு ஏறினார். எங்களுக்கு முன்னால் பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருவர் பெண்சாதியோடு உட்கார்ந்திருந்தார். லுங்கி வியாபாரம். தொந்தி பெரியது என்பதால் அவரை யாரும் தள்ளக் கூப்பிடவில்லை.

கோட்டைச் சுவர் பாதிக்கு மேல் இடிந்து, மேலெல்லாம் ஆலங்கன்று முளைத்திருந்தது. வாசல் கதவு மட்டும் முழுசாக இருந்தது. யானை முட்டக்கூடாது என்று அதில் ஆள் உயரத்துக்கும் மேலே இரும்பு முள் அடித்திருந்தார்கள். ஜமீன்காரர்கள் எல்லாம் பட்டணத்தில் இருக்கிறார்களாம். தசராவுக்கு வந்து கத்திக்குப் பூசை போட்டுவிட்டு, கொலு மண்டபத்தையும் நகை அறையையும் ஜனங்களுக்குத் திறந்துவிட்டுப் போவார்களாம். செருப்பை வெளியில் விட்டு, விரித்த குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ராஜா இல்லாவிட்டாலும் அவர் வீட்டுக்குள் குடை பிடிக்கக்கூடாது.

உள்ளே என்ன என்னவோ இருந்தது. வெள்ளிப் பல்லக்கு. புலித் தோல், வாய் பிளந்திருந்த அதன் பல்லை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஓடாத கடிகாரங்கள் ஒரு சுவர் முழுக்க. ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் நின்று பொம்பளைகள் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். பிள்ளை என் இடுப்பில் இருந்துகொண்டு கண்ணாடிக்குள் இருந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்தது. எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற பாவா கண்ணாடியில் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் நகர்ந்துவிட்டேன்.

ராஜா கட்டில் ஒரு சின்ன வீடு மாதிரி இருந்தது. லுங்கிக்காரர் அதைச் சுற்றி வந்தார்.

"இம்மாம் பெரிய கட்டில்ல ராஜா எந்தப் பக்கம் படுத்திருப்பாரு?"

"நீ படுத்தா ரெண்டு பக்கமும் ஒனக்கே பத்தாது. வா, போலாம்" என்றாள் பெண்சாதி.

அத்தைகூடச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அக்கா போன பிறகு வெளியில் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நகை அறையில் வெளிச்சம் குறைவு. ஒட்டியாணம், வங்கி, ஜடைநாகம், காசு மாலை எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. சிவப்புத் தலைப்பாகை கட்டிய காவல்காரர் ஒருவர் கோலோடு நின்று, "கைய வெக்காத, கைய வெக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் இருந்த சின்னப் பெட்டிக்கு முன்னால்தான் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. எட்டிப் பார்த்தேன். சிவப்புப் பட்டின்மேல் ஒரு சின்னத் தங்கப் பொட்டு, புளியங்கொட்டை அளவுக்கு, கறுப்புக் கயிற்றில் கோத்து வைத்திருந்தது. அதில் ஒரு பெண் உருவம் நின்றது. கண்ணாடிமேல் ஜனங்கள் பூ வைத்திருந்தார்கள், குங்குமம் கொட்டியிருந்தார்கள். அவ்வளவு பெரிய நகைகளுக்கு நடுவில் இவ்வளவு சின்னதைத் தனியாக வைத்திருக்கிறார்கள் என்றால் அது ராஜா குடும்பத்து அம்மன்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எவனோ கற்பூரமே ஏற்றிவிட்டான்.

அத்தை எத்தனை மாசமாகவோ கோயில் வாசலை மிதிக்காதவள். சாமி என்றதும் அவளால் நிற்க முடியவில்லை. என் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், அதன் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தாள். "தாயே, இந்தப் புள்ளைக்கு ஒரு வழி காட்டும்மா" என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். அழுதாள். அத்தை அழுது நான் பார்த்தது அங்கேதான். கருமாதியில் அவள் எல்லாருக்கும் சோறு போடுவதிலேயே இருந்தாள்.

காவல்காரர் கோலைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஓய்! கற்பூரம் எவன்யா ஏத்தினது? கண்ணாடி வெடிச்சிடும்! தேவுடு காதய்யா, தேவுடு காது! இது சாமி இல்ல, சாமி இல்லன்னு காலைலேர்ந்து தொண்டை கிழியக் கத்திக்கினு கீறேன்!"

"சாமி இல்லன்னா அம்மன் எதுக்கு நிக்குது?" என்றார் லுங்கிக்காரர்.

"அம்மன் இல்லய்யா. பெரிய ராணி. செத்துப் போன மூத்த தாரம். அவங்க போனப்புறம் ராஜா கட்டின சின்ன ராணி இத்தக் கழுத்துல கட்டிக்கினு இருந்தாங்க. மூத்தா பொட்டு. உங்க ஊர்ல இல்லியா?"

லுங்கிக்காரர் பெண்சாதி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கையை எடுத்தாள். "அய்யய்யோ, நான் வேண்டிக்கினேனே!"

"இன்னா வேண்டிக்கின?"

"ஒனக்குப் புத்தி வரணும்னுதான்."

"பேய்கிட்ட வேண்டிக்கினா எங்கேர்ந்து வரும்?"

அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மூத்தா பொட்டு எனக்குத் தெரியும். எங்கள் தெருக் கோடியில் இரண்டாம் தாரமாக வந்த ஒருத்தி கட்டியிருக்கிறாள். புதுப் புடவை வாங்கினால் முதலில் அந்தப் பொட்டுக்குக் காட்டிவிட்டுத்தான் கட்டுவாள். நோன்பு நாளில் அதற்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். இல்லாவிட்டால் செத்தவள் வந்து இளையவளை நோகச் செய்வாள் என்பார்கள். தெரிந்தும்கூட அதை நான் என்னோடு சேர்த்து நினைத்ததே இல்லை.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு காவல்காரரிடம் கேட்டாள்: "சின்ன ராணி யாரு, அசலா?"

"அசல் எங்க? கூடப் பொறந்த தங்கச்சிதான். பெரிய ராணிக்கு ஒரு பையன் இருந்தான் இல்ல, அவன வளக்கணுமே."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். "பாத்தியா? ராஜா வூட்லயே இதான் வழக்கம்" என்ற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. சுவரில் பெரிய ராணியின் படம் மாட்டியிருந்தது. நகையெல்லாம் போட்டுக்கொண்டு, நாற்காலியில் கை வைத்துக்கொண்டு நின்றார். சின்ன ராணி படம் எங்கே என்று தேடினேன். இல்லை.

"சின்ன ராணி பேரு இன்னாங்க?" என்று கேட்டேன்.

காவல்காரர் யோசித்தார். அந்தப் படத்தைக் காட்டிப் பெரிய ராணி பேரை எல்லாருக்கும் மூச்சு விடாமல் சொன்னவர் அவர். "பேரா? சின்ன ராணின்னா சின்ன ராணிதாம்மா. நடங்க, நடங்க, பின்னால ஜனம் நிக்குது."

வெளியே வந்து வெயிலில் நின்றதும் அத்தை என் கையைப் பிடித்தாள். நல்ல சேதி சொல்லுகிற குரலில் சொன்னாள்.

"நீ ஒண்ணும் பயப்படாத. நான் ஆசாரிகிட்ட குடுத்து வெச்சிட்டேன். ஒனக்கும் பொட்டு பண்ணிக்கினு கீறான். அவ கம்மலத்தான் குடுத்தேன். அவ பொன்னுலயே பண்ணாதான் அவளுக்கு மனசு ஆறும்."

அந்தக் கம்மலை நைனா கன்னுக்குட்டி விற்று வாங்கிப் போட்டார். அக்காவைக் குளிப்பாட்டும் முன்னால் அம்மா அதைக் கழற்றியபோது தலையைத் தாங்கிப் பிடித்திருந்தது நான். ஜுரத்தில் காது வீங்கியிருந்தது, சுலபத்தில் வரவில்லை. பிள்ளை பெரியவளானால் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் அம்மா அதை அத்தையிடம் கொடுத்தாள்.

"அது புள்ளயோடது இல்லியா அத்தே?"

"இன்னாமே பேசற? நீ அம்மா ஆயிட்டா எல்லாம் ஒண்ணுதான?"

கோட்டைக்கு முன்னால் குளம் இருக்கிறது. அதன் படியில் உட்கார்ந்து அத்தை கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றைத் தின்றோம். நான் பிள்ளைக்குப் பிசைந்து ஊட்டினேன். அத்தை முந்தானையை விரித்துப் பிள்ளையோடு படுத்துவிட்டாள். இரண்டு பேரும் தூங்கிப் போனார்கள். பாவா கீழ்ப்படியில் இறங்கி முகத்திலிருந்த கரியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் எழுந்து அங்கே போனேன்.

"பாவா, கம்மல ஆசாரிகிட்ட குடுத்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆங். நான்தான் எடுத்துக்கினு போய் குடுத்தேன்."

"அந்தாளு அக்காவப் பாத்ததே இல்லியே. அக்கா மூஞ்சி எப்டி பண்ணுவான்?"

பாவா தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தார். "அவன்கிட்ட அச்சு ஒண்ணு கீது. எல்லாருக்கும் அதான். ஒரே பொம்பளதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான். தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

"பாவா, நெசமா சொல்லுங்க. என்னக் கட்டிக்கணும்னு ஒங்களுக்கு இருக்குதா, அத்தை சொல்றாங்கன்னா?"

அவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

"ஷெட்டுல கண்ண மூடிக்கினா எனக்கு அவ மூஞ்சி வர மாட்டேங்குது. மூக்கு வந்தா வாய் வரல. கொரலு வரல. ஒன்னப் பாத்தா வருது. நீ நடக்கறப்ப அவதான் வர்றா. வேற எவளயாவது கட்டினா அதுவும் பூடும். அதான் நானும் சரின்னு சொல்லிட்டேன்."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். உன்னைப் பிடிக்கும், பிள்ளையை நீ நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று எதையாவது சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் தலையாட்டியிருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. எனக்கும் அக்கா முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. நானும் அதைப் பிள்ளையின் முகத்தில்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் வாழ்நாள் பூராவும் ஒருத்தர் என்னைப் பார்த்து இன்னொருத்தியைத் தேடிக்கொண்டிருந்தால் நான் எங்கே இருப்பேன்? காலையில் கண்ணாடியில் அவர் பார்த்தது யாரை என்று அப்போது தெரிந்தது.

"நான் மாட்டேன் பாவா."

"அப்ப புள்ள?"

"புள்ள என்கிட்டயே இருக்கட்டும்."

"எங்கம்மா வுடாது."

"நீங்க?"

அவர் சட்டைத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு படி ஏறிப் போனார்.

அத்தையிடம் பாவா சொன்னாரா, அவளே எங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாளா, தெரியாது. புத்தூரில் சாயங்கால வண்டி ஏறியதும் அத்தை என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"மாட்டேன்னு சொன்னியாமே?"

"ஆங், அத்தே."

"அப்ப சரி. எங்க வூட்டுப் புள்ள எங்களோட வரட்டும். ஒனக்கு எதுக்கு ஊரான் புள்ள?"

பிள்ளை என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு அழுதது. நகரிவரைக்கும் அழுதது. வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "பசியாட்டம் கீது, பாலு குடேன்" என்று ஒரு அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள். அத்தை பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். நான் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுக் காலைப் பிடித்தேன். "கட்டிக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லு, இந்தா வாங்கிக்கோ" என்றாள் அத்தை. அந்த வார்த்தை என் வாய்வரைக்கும் வந்தது. பாவா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைப் பார்த்ததும் வார்த்தை உள்ளே போய்விட்டது.

திருத்தணி வந்தது. வண்டி அங்கே அதிக நேரம் நிற்காது. நான் வெறுங்கையோடு இறங்கினேன். பிளாட்பாரத்தில் அந்த ஜன்னலுக்கு நேரே நின்றேன். கார்டு கொடி காட்டினார், எஞ்சின் ஊதியது. அப்போது பாவா எழுந்து அத்தை தோளிலிருந்து பிள்ளையைத் தூக்கினார். "டேய், இன்னாடா பண்ற?" என்று அத்தை கத்தியது கேட்டது. ஜன்னல் வழியாகப் பிள்ளையை முதலில் காலும் பிறகு தலையுமாக வெளியே நீட்டினார். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. நான் கூடவே ஓடி வாங்கிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம வரேன் மச்சினி" என்றார்.

வெளியே நைனா வண்டியோடு காத்திருந்தார். பிள்ளை இடுப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். வழியெல்லாம் மாட்டிடம் பேசிக்கொண்டே வந்தார். வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோதுதான் அவருக்கும் தெரிந்தது. அம்மா என்னை அடித்தாள். பிறகு பிள்ளைக்குப் பால் காய்ச்சினாள்.

பாவா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். எல்லா ஞாயிறும் இல்லை. வந்தால் பிள்ளையோடு விளையாடிவிட்டுப் போகிறார். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அத்தை வருவதே இல்லை. நகரிப் பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள் என்று போன வாரம் சேதி வந்தது. அவள் வந்து குடித்தனம் வைத்த பிறகு பிள்ளையைக் கேட்பார்கள். அப்போது பாவா என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாது. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். பேசாமல் சரி என்று சொல்லியிருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது. அந்த நாளில் அம்மா முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும்; இப்போதாவது சரி என்கிறாயா என்று கேட்டுவிடுவாளோ என்று.

பிள்ளை இப்போது நடக்கிறது. என்னை அம்மா என்கிறது. சின்னம்மா என்று சொல்லு, சின்னம்மா என்று சொல்லு என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். நாளைக்கு அங்கே போய் ஒருவேளை அந்த நகரிப் பெண்ணை அம்மா என்று கூப்பிட வேண்டியிருக்கும். அது கேட்கவில்லை. அம்மா என்றுதான் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறது. நான் பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.